மர்வா போட்ட உப்பு

மாஷிதா இறந்துபோன பிறகும் நான் அவள் வீட்டிலேயே இருந்தேன்.

கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர வேண்டும். நான் உச்சிப்புளியிலிருந்து அப்படித்தான் வந்தேன். பெண் மவுத்தாகிவிட்டால் மாப்பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காலையில் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். பள்ளியில் கெமிஸ்ட்ரி நடத்தினேன். சாயங்காலம் திரும்பி வந்தேன். மகள் சஃபா அங்கே இருந்தாள். அவளுக்கு நான்கு வயது.

எனக்கு உம்மா இல்லை. உச்சிப்புளியில் வாப்பாவும் தம்பியும் கடைச் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறார்கள். அங்கே ஒரு பெண்பிள்ளையைக் கொண்டுபோய் விட முடியாது.

மாஷிதாவுக்கு வந்தது காய்ச்சல். வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். கண் செருகுவதற்குச் சற்றுமுன் ஆஸ்பத்திரிக் கஞ்சியை ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு, "இதை ஆக்கினவன் அரிசியக் கண்ணால பாத்திருக்கானா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் பேசியது எனக்குப் புரியவில்லை.

சாப்பாட்டைப் பற்றி அவளிடம் இல்லாத கருத்து கிடையாது. பிரியாணி சோம்பேறிகளின் கண்டுபிடிப்பு. சோறு ஒரு பக்கம் கறி ஒரு பக்கம் என்று ஆக்கத் தெம்பில்லாதவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவிட்டார்கள். மீன் ஆணத்தில் தக்காளியை அள்ளிப் போடுகிறவர்களுக்கு மீன்மேல் நம்பிக்கை இல்லை. ஆணம் என்றால் எங்கள் ஆட்களிடம் குழம்பு. தேங்காயின் முதல் பாலை ஊற்றிய பிறகும் கொதிக்கவிடுகிறவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிவிட வேண்டும். ஹோட்டலில் மெனு கார்டு நாலு பக்கத்துக்கு மேல் போனால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட வேண்டும். ஒரு முறை மதுரையில் அப்படியே எழுந்து வந்தாள். நான் பசியோடு பின்னால் நடந்தேன்.

தினமும் நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்துகொள்வாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அது கருத்து இல்லங்க. அது சலாம் மாதிரி. எதிர்ல யாரு வந்தாலும் சொல்றது. சரியாச் சொல்லுங்க."

எனக்குச் சரியாகச் சொல்ல வராது. எனக்குப் பதிலாக அவளே சொல்லிக்கொள்வாள். புளி ஒரு நூல் கூடிவிட்டது, மீன் நேற்றைய மீன், கறிவேப்பிலை கடைக்காரனை மாற்ற வேண்டும். நான் தலையாட்டுவேன்.

அவள் போன பிறகு மாமி சமைத்தார். மாமியின் பெயர் சித்தி ஜுனைதா. என் முன்னால் வந்து நிற்க மாட்டார். அடுப்படிக்குப் போகும் நடையில் ஒரு கதவு உண்டு. அதற்கு அந்தப் பக்கம் நின்றுதான் என்னோடு பேசுவார். கொஞ்ச நாளில் மாமி ஒதுங்கிக்கொண்டார். மாஷிதாவின் தங்கை மர்வா சமைத்தாள். கதவோரம் சோற்றுத் தட்டும் ஆணக் கிண்ணமும் வரும். சஃபா, "வாப்பா, சோறு!" என்று கத்துவாள். நான் எடுத்துவந்து கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஏன் மர்வா சமைக்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. எதையும் யோசிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மாமி அடுத்த தெருவில் மவ்லூது ஓதும் வீட்டுக்குப் போயிருந்தார். நான் சாப்பிட்டுக் கிண்ணத்தைக் கதவோரம் வைத்தேன். கதவு கொஞ்சம் திறந்தது. ஆள் தெரியவில்லை.

"மச்சான், ஒண்ணு கேக்கவா?"

"கேளு மர்வா."

"இப்பத் தின்னீங்களே, ஆணம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நேத்து?"

"நல்லா இருந்துச்சு."

உள்ளே ஒரு பாத்திரம் ணங்கென்று வைக்கப்பட்டது.

"இன்னிக்கு உங்க கிண்ணத்துல மட்டும் ஒரு கை உப்பள்ளிப் போட்டேன் மச்சான். ஒரு கை. நேத்து பச்சைப் புளியக் கரைச்சு அப்படியே ஊத்தினேன். போன வாரம் பூரா மிளகாத்தூளு. அதுல கொஞ்சத்தைப் பூனைக்கு வச்சுப் பாத்தேன். அது மோந்து பாத்துட்டு என்னயப் பாத்துச்சு. நீங்க என்னடான்னா கிண்ணத்த வழிச்சுக் கழுவின மாதிரி அனுப்புறீங்க."

நான் நாக்கை மேலண்ணத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"கெமிஸ்ட்ரி வாத்தியாரு. உப்புத் தெரியல," என்றாள்.

"எதுக்கு அப்படிச் செஞ்ச?"

"எதுக்கா? நீங்க ஒரு நாளாச்சும் தூன்னு துப்பிட்டு, 'இவ சமையலு ஆகாது'ன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். உம்மா தினமும் அந்தக் கிண்ணத்தத் தூக்கிப் பாத்துட்டு மஹ்மூது மாமாவுக்குப் போன் போடுறாங்க. 'மாப்பிள்ளைக்கு மர்வா கை பிடிச்சுப்போச்சு காக்கா, ஒரு பருக்கை மிச்சமில்ல'ன்னு. நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சு மாமா வர்றாங்க, பேசி முடிக்க. நீங்க தின்னத் தின்ன என் நிக்காஹ் கிட்ட வருது மச்சான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வீட்டில் அக்கா போய், பச்சைப் பிள்ளையும் மாப்பிள்ளையும் மிஞ்சினால், அடுத்து யாரைப் பார்ப்பார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

"உம்மாட்ட வேணாம்னு சொல்லலாமே."

"சொன்னேன். சஃபாவத் தூக்கி என் மடியில உக்கார வைக்கிறாங்க. பிள்ளையக் காட்டிக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? நீங்க வேணாம்னா அது வேற. மாப்பிள்ள வேணாம்னுட்டாருன்னா பேச்சு முடிஞ்சிரும்." குரலைத் தாழ்த்தினாள். "மாஷிதா லாத்தா அலமாரியக் காலி பண்ணி என் துணிய வைக்கச் சொல்றாங்க. அவ துப்பட்டா வாசம் இன்னும் போகல. நீங்க எனக்கு ப்ளஸ் டூவுல ஈக்வேஷன் சொல்லிக் குடுத்தவங்க. நல்லவங்கதான். அதுக்காக?"

"வேணாம்னு சொன்னா நான் இங்கன இருக்க முடியாது."

"தெரியும்."

பின்னாளில் அவளுக்கு வேறு மாப்பிள்ளை வருவான். அவன் வரும் வீட்டில் நான் இருக்க முறையில்லை.

"சஃபா?" என்றேன்.

"சாச்சியா இருந்து வளக்கிறேன் மச்சான். உம்மாவா இருக்கச் சொல்லாதீங்க."

கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் வெள்ளி. எங்கள் பள்ளிக்கு வெள்ளிதான் விடுமுறை. ஜும்ஆ முடிந்து மஹ்மூது மாமா என்னோடு நடந்தே வந்தார். மாமிக்கு அவர் காக்கா, அதாவது அண்ணன். துபாயில் காலமெல்லாம் கடையில் நின்றுவிட்டு வந்தவர். இப்போது குடும்பத்துப் பேச்சு எல்லாவற்றுக்கும் அவர்தான் உட்காருவார்.

விரிப்பு விரித்து சஹன் வைத்தார்கள். பெரிய தட்டு, அதில் எல்லோருக்கும் சேர்த்துச் சோறு. சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட வேண்டும். கறித்துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதற்குப் பெயர்தான் சஹன், தன் பக்கம் இழுப்பதானால் தனித்தட்டு போதும் என்று மாஷிதா சொல்வாள். சஹனில் இன்னொன்றும் உண்டு. யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதை மறைக்க முடியாது. சாப்பிடாதவர் பக்கம் சோறு அப்படியே நிற்கும்.

அன்றைக்கு மாமாவும் நானும் மட்டும். வெள்ளைச் சோறு, விளமீன் ஆணம், மாங்காய் போட்டது.

"மர்வாதான் ஆக்கினா," என்று மாமி கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார். "காலையிலேருந்து அடுப்படிய விட்டு வரல."

"பாப்போம், பாப்போம்," என்றார் மாமா. "துபாயில நான் தின்ன மீனெல்லாம் எனக்கு முன்னாலேயே மவுத்தாகி வருஷமாகிப் போன மீனு. பிஸ்மி சொல்லுங்க மாப்பிள்ளை."

நான் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தேன்.

முதலில் மாங்காயின் புளிப்பு வந்தது. எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. பிறகு தேங்காய்ப்பால். பிறகு மீன், அன்றைக்குக் காலையில் பிடித்த மீன். எல்லாம் இறங்கிய பிறகு லேசாக வெந்தயம். வெந்தயம் கடைசியாக வந்து கதவைச் சாத்திவிட்டுப் போக வேண்டும் என்பது மாஷிதாவின் கருத்து.

மாங்காயைக் கொட்டையோடு சேர்த்து வெட்டியிருந்தார்கள். மர்வாவின் வெட்டு இல்லை. மாஷிதா அப்படித்தான் வெட்டுவாள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு மகளை நம்பாமல் அவரே கரண்டியைப் பிடித்திருக்கிறார்.

இரண்டாவது கவளத்தை எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தத் தட்டு முழுவதையும் சாப்பிட வேண்டும் போலிருந்தது. மாமாவின் பக்கத்தையும் சேர்த்து.

மாமா முள்ளை எடுத்து ஓரம் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, சுத்தி வளைக்கத் தெரியாது எனக்கு. மர்வா கைச் சாப்பாடு உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

கதவு அசைந்தது. அந்தப் பக்கம் எத்தனை பேர் நின்றார்களோ தெரியாது. கேட்பது சாப்பாட்டைப் பற்றி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். நேராகக் கேட்டு நேராக மறுத்தால் இரண்டு பக்கமும் மானம் போகும். அதனால்தான் சாப்பாட்டை வைத்துக் கேட்கிறார்கள். பிடித்திருக்கிறது என்றால் இந்த வீடு உண்டு. சஃபா தினமும் "வாப்பா, சோறு!" என்று கத்துவாள். இந்த ஆணமும் உண்டு.

நான் கையைத் தட்டிலிருந்து எடுத்தேன்.

"உப்பு கூட, மாமா."

மாமாவின் கை நின்றது. அவர் சாப்பிட்டதும் அதே தட்டு, அதே ஆணம். என் முகத்தைப் பார்த்தார். எதையாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் இன்னொரு கவளம் எடுத்து வாயில் வைத்து மெதுவாக மென்றார். விழுங்கினார்.

"ஆமா," என்று கதவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். "கூடத்தான் இருக்கு."

அந்தப் பக்கம் மாமிதான் நின்றார். உப்புப் பார்த்துப் போட்டவருக்குத் தெரியாதா?

"சின்னப் பிள்ளதானே காக்கா," என்று மாமியின் குரல் வந்தது. "கை இன்னும் பழகல." பிறகு, "தண்ணி குடிங்க மாப்பிள்ளை," என்றார். குரல் உடைந்திருந்தது. மாமி மகளை இழந்தபோதுகூட நான் அந்தக் குரலைக் கேட்கவில்லை.

மாமா தன் பக்கத்தை முடித்தார். நடுவில் ஒரு மீன் துண்டை என் பக்கம் தள்ளக் கையை நீட்டினார். பிறகு நிறுத்திக்கொண்டார். உப்பு கூட என்று சொன்னவன் சாப்பிட முடியாது. என் பக்கம் சோறு ஆணத்தில் ஊறி நின்றது. மாங்காய்த் துண்டு ஒன்று மேலே தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கை கழுவும்போது மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

"வெள்ளிக்கு வெள்ளி வந்துருங்க," என்றார். "பிள்ளைக்கு வாப்பா முகம் மறந்துரக் கூடாது."

"சரி மாமா."

"நல்ல ஆணம்," என்றார் மெதுவாக. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்றைக்கே கிளம்பினேன். தள்ளிப்போட்டால் ராத்திரிச் சாப்பாடு வந்துவிடும். துணிகள் ஒரு பையில் அடங்கின. மாஷிதாவின் அலமாரியைத் திறக்கவில்லை.

வாசலில் மர்வா சஃபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இந்த முறை கதவுக்குப் பின்னால் ஒதுங்கவில்லை. அழுதிருந்தாள்.

"வாப்பா, எங்க போறீங்க?"

"உச்சிப்புளிக்கு. வெள்ளிக்கிழமை வாரேன்."

"வெள்ளிக்கிழமைன்னா நாளைக்கா?"

"நாளைக்கு இல்ல."

"நாளை மறுநாளா?"

மர்வா அவளை மறு இடுப்புக்கு மாற்றினாள். "சாச்சி எண்ணிச் சொல்றேன், வா," என்றாள். உள்ளேயிருந்து மாமி, "பிள்ளைக்கு இன்னும் சோறு ஊட்டல, கொண்டா இங்கன," என்று கூப்பிட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். திருப்புல்லாணி தாண்டும்போது வயிற்றைப் பிசைந்தது. என்னவென்று முதலில் தெரியவில்லை. பசி. பக்கத்து இருக்கைக்காரர் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.