அக்சியோன் தென்படவில்லை

எல்லாம் என் வாயால் வந்த வினை. "வாப்பா, ரிசல்ட் வந்துட்டு" என்று அம்னா தொலைபேசியில் சொன்னதும் நான் மறுகேள்வி கேட்கவில்லை. மகள் புதுத் துகள் கண்டுபிடித்துவிட்டாள் என்று வெள்ளவத்தைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லி, ஐம்பது பேருக்கு வட்டிலப்ப விருந்துக்கும் சொல்லிவிட்டேன். ஸவாஹிரின் வாய்க்குப் பூட்டில்லை என்று என் மனைவி ஜெஸீமா சொல்வது சும்மா இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம், வீடு நிறையச் சொந்தக்காரர் இருக்கும்போதுதான் மகள் விஷயத்தைச் சொன்னாள்.

"அக்சியோன் எண்டு ஒரு துகள். இருக்கலாம் எண்டு கணக்குச் சொல்லுது, ஒருத்தரும் கண்டதில்ல. கொழும்பளவு உருண்டைக்குள்ள சூரியன விடப் பாரம் அடங்கின நட்சத்திரங்கள் இருக்கு. அதுட காந்தத்துக்குள்ள அக்சியோன் போனா ரேடியோ அலையா மாறும். அந்த அலையத்தான் நாலு வருஷமாத் தேடினன்."

"கண்டியா?" என்றாள் வத்தளையிலிருந்து வந்திருந்த என் தங்கை ஸீனத்.

"காணல்ல மாமி."

எனக்குக் காது சுட்டது.

"நல்ல கத! இதுக்கு இன்னும் மூணு வருஷம் தேட ஜெர்மனிக்கு வேற கூப்பிடுறாங்களாம். போதும் நானா. இங்கயே ஒரு டீச்சர் வேல பாத்துக் குடுங்க" என்றாள் ஸீனத், அண்ணனான என்னிடம்.

அம்னா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றால் போகமாட்டாள். அன்றைக்கே பதில் அனுப்பவேண்டும்.

"நாங்க தேடின அளவுக்கு அது அங்க இல்லண்டு உறுதியாச் சொல்லலாம் வாப்பா. இனி மத்தவங்க வேற இடத்துல தேடுவாங்க" என்றாள் மெதுவாக.

சட்டென்று எனக்கு விளங்கியது. கோபம் வந்தது, என் மேல்தான்.

"ஸீனத், நோன்புக்கு முந்தி ரேடியோவுக்குப் பக்கத்துல எதுக்குக் குந்தி இருக்கிற?"

"பிறை கண்டாங்களா எண்டு கேக்க."

"தென்படவில்லை எண்டா?"

"மாசத்த முப்பதா நிரப்புவோம். அடுத்த நாள் நோன்பில்ல."

"பாத்தவனுக்குக் கண்ணில்லண்டு சொல்லுவியா?"

"அல்லாஹ்வே! ஒழுங்காப் பாத்துத்தானே சொல்றாங்க!"

"அப்ப என்ட மகள் பாக்காமலா சொல்றா? அந்தச் சொல்லுக்கு நாடே காத்திருக்கும். இவட சொல்லுக்கு உலகமே காத்திருந்திருக்கு!"

பெருமைதான், மறைக்கவில்லை. "வாறன் எண்டு எழுது மகள்."

அம்னா அங்கேயே நின்று எழுதி அனுப்பினாள். அப்போது ஸீனத்துக்குப் புருஷனிடமிருந்து அழைப்பு வந்தது. வீடு முழுக்கக் கேட்கப் பதில் சொன்னாள்:

"ஓம், நம்மட அம்னாதான் பாத்த. தென்படல்லயாம். மாஷா அல்லாஹ்!"