காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்

“பற்றறியில தண்ணி குறைஞ்சால் என்னட்டைச் சொல்லு. நீ ஊத்தாதை.”

“ஏன், நான் ஊத்தினால் அது கோவிக்குமோ?”

வான் வண்டியை வாங்கிய நாளில் வின்சனும் அவன் மனைவி ஸ்ரெல்லாவும் கதைத்தது இது. கட்டில், சின்னக் குசினி, கூரையில் சோலார் தகடு, அது மின்னேற்றும் பற்றறி எல்லாம் பூட்டி, வெளிநாட்டிலிருந்து வருகிற குடும்பங்களுக்கு அதை வாடகைக்கு விட்டார்கள். மாங்குளத்திலிருந்து புறப்படும் வான் யார் யாரையோ எங்கெங்கோ தங்கவைத்துவிட்டுத் திரும்பும். ஸ்ரெல்லா விரிப்புகளைத் தோய்த்து மடித்து வைப்பாள். ஒரு இரவாவது தாங்கள் இருவரும் அதில் போய்த் தங்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் இருவரும் தனியே எங்கும் போனதில்லை. ஆனால் அது உழைக்கிற வான். கேட்க வாய் வரவில்லை.

போன மாதம் வின்சன் கண்டாவளைக்குச் செத்தவீட்டுக்குப் போயிருந்தபோது, பற்றறியின் ஆறு அறைகளில் இரண்டில் தண்ணீர் வற்றியிருப்பதைக் கண்டாள். கடையில் வாங்கும் பற்றறித் தண்ணீர் முடிந்திருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதுபோலக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடித்து ஊற்றினாள். அதன் பிறகு, பொழுதுபட்டு ஒரு மணித்தியாலத்திலேயே வானின் விளக்குகள் மங்கத் தொடங்கின. புதுப் பற்றறிக்கு வழியில்லை. இன்றைக்குப் பற்றறி சரிவராவிட்டால் வானை, அதை விலைக்குக் கேட்கிற வவுனியாக்காரருக்கே விற்றுவிடுவோம் என்று காலையில் வின்சன் சொன்னபோதுதான், அவள் நடந்ததைச் சொன்னாள்.

அவள் தண்ணீர் காய்ச்சிய கேத்தலை அவன் கவிழ்த்து, அடியில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைக் காட்டினான். காய்ச்சினால் கிருமி சாகும், சுண்ணாம்பு முழுக்கப் போகாது, அது பற்றறிக்குள் இருக்கிற தகடுகளுக்குக் கூடாது என்றான். ஏச்சு விழுமென்று தலைகுனிந்து நின்றாள்.

“பற்றறிக்கு வயித்தாலை போகுமெண்டு பயந்து காய்ச்சினியோ?”

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கொஞ்சத் தண்ணீர்தானே, தப்பியிருக்கலாம் என்று அவன் வேலையைத் தொடங்கினான். வானின் கதவுகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டான். விளக்கு, விசிறி, குளிர்பெட்டி எல்லாவற்றின் வயரையும் கழற்றினான். வானின் அடுப்பை மூட்டவேண்டாம், மின்னேறும்போது பற்றறியிலிருந்து வருகிற வாயு பற்றிக்கொள்ளும் என்று அவளிடம் சொன்னான். பிறகு, பின்தங்கிய அறைகளும் மற்றவற்றோடு சமமாக வரும்வரை கூடிய மின்னழுத்தத்தில் மின்னேற்றுமாறு சோலார்ப் பெட்டியின் குமிழைத் திருப்பிவைத்தான். நல்ல வெயில். பற்றறிக்குள் சோறு கொதிப்பதுபோல மெல்லச் சத்தம் கேட்டது.

கையுறை போட்டுக்கொண்டு அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு அறையின் அமிலத்தையும் உறிஞ்சிப் பார்த்தான். மின்னேற ஏற உயரும் மிதவை குழாய்க்குள் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று அவள் கொப்பியில் குறித்தாள். மத்தியானம் வரை அந்த இரண்டு அறைகளும் அசையவில்லை. அவள் மனதுக்குள் புனித அந்தோனியாரைக் கூப்பிட்டாள். இரண்டு மணிக்கு ஒன்று ஏறியது. மூன்றரைக்கு ஆறும் ஒரே கோட்டில் நின்றன.

“வான் எங்கடைதான்,” என்றான் வின்சன், கையுறையைக் கழற்றியபடி.

வெயிலுக்கும், ஒரு சொல் ஏசாத இந்த மனிதனுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. வியர்த்திருந்த அவன் நெற்றியைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள்.

“இஞ்சை பாருங்கோ,” என்றாள். “அடுத்த ஆக்களுக்குக் குடுக்க முதல், ஒரு இரவு நாங்கள் ரெண்டு பேரும் இதில போய்த் தங்குவமோ?”