நெட்டையின் நிழலில் ஈயக்கோடு

பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் தொழிற்சாலையில் உலைவேலை பார்த்த நெட்டையின் நிழல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கறுப்பாக விழவில்லை. சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும் பட்டையாக விழுந்தது. உடன் வேலை செய்தவர்கள் பார்த்தார்கள். டீ ஆறிவிடும் என்பதால் அதைக் குடித்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். அப்போதும் அப்படியே இருந்தது. சங்கு ஊதியதும் உள்ளே போனார்கள். நிழல் நிறம் மாறினால் லீவு என்று எந்த விதியிலும் இல்லை.

பரிசோதனைக் கூடத்துச் சூப்பர்வைசர் மட்டும் குத்தவைத்து உட்கார்ந்து ஆராய்ந்தார். வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் அவருடைய நிறமாலைக் கருவி பழுதாகி, துணி போர்த்திக்கொண்டு நெடுநாளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நெட்டையின் கையில் ஒரு செம்புத் துண்டைக் கொடுத்தார். நிழலின் பச்சையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் விழுந்தன. "ஒவ்வொரு பொருளும் வெளிச்சத்துல தனக்குப் பிடிச்ச நிறத்தத் தின்னுடும்யா. எது காணோம்னு பாத்தா, தின்னது யாருன்னு தெரிஞ்சிடும். கருவி செய்யற வேலைய இப்ப நீ செய்யற" என்றார்.

"அப்ப நான் உலைக்குப் போகவேணாமா சார்?"

"ஏன், இதை இடைவேளையில செஞ்சாப் போதுமே."

நெட்டைக்கு அந்த வருஷம் வலது கை மணிக்கட்டோடு தொங்க ஆரம்பித்திருந்தது. டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டைக்குப் போகும். தூங்கும்போது கையை மடக்கிப் படுப்பதால் வருவது என்று கம்பெனி டாக்டர் தொலைவில் இருந்தே கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். நெட்டை வெறுங்கையோடு நின்றாலும் ஊதாவில் சில கோடுகள் தெரிந்தன. சூப்பர்வைசர் ஒரு ஈயக்கட்டியைக் கொடுத்துப் பார்த்தார். அதே கோடுகள் தடித்தன. விஷயம் நெட்டையின் மனைவி காதுக்குப் போனது. அவள் நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"ஐயா, வெறும் ஆளே ஈயம்னு காட்டுது. உலைய விட்டு மாத்துங்க. இருக்கிற ஒரு கையும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"ஏம்மா, ஈயத் தொழிற்சாலையில நிக்கிற ஆளு நிழல்ல ஈயம் தெரியாம மிட்டாயா தெரியும்?" என்றார் முதலாளி.

அங்கே நின்ற சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "அது கருவியோட பின்னணி சார், பொருள் எதுவும் வைக்காமலே காட்டற கோடு. எல்லாக் கருவிக்கும் இருக்கும். கழிச்சிட்டுப் படிக்கணும்."

"கழிச்சிடு."

அன்றோடு நெட்டையின் ஈயம் கணக்கில் இல்லாமல் போனது. உடம்புக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. "என்னங்க, உங்கள கழிச்சிட்டாங்களாம். கழிஞ்சது போக மிச்சம் இருந்தா சாப்பிட வாங்க" என்றாள் மனைவி.

பிறகு ஊரே வரிசையில் நின்றது. நகைக்கடைக்காரர் வளையலை நெட்டையின் விரலில் மாட்டி, தங்கத்துக்குள் செம்பு எவ்வளவு என்று நிழலில் பார்த்தார். வாடிக்கையாளர் பார்க்கக் கேட்டால் மட்டும், மேகமாக இருக்கிறது, நிழல் விழாது என்றார். மருந்துக்கடைக்காரர் மாத்திரையில் மருந்தைத் தேடினார், சுண்ணாம்பு கிடைத்தது. மோதிவிட்டுப் போன கார் எதுவென்று பெயின்ட் செதிலை வைத்துப் போலீஸ்காரர் கண்டுபிடித்தார்; கார் யாருடையது என்று தெரிந்ததும் செதிலைத் தொலைத்துவிட்டார். முந்நூறு வருஷ ஓவியத்தில் போன மாதத்து வெள்ளைப் பூச்சு இருப்பது தெரிந்தபின் ஓவிய வியாபாரி இந்தப் பக்கமே வரவில்லை. வானியல் பேராசிரியர் தொலைநோக்கி வெளிச்சத்தை நெட்டையின் முதுகில் விழவைத்து, எங்கோ இருக்கும் நட்சத்திரத்தில் சோடியம் இருப்பதாகச் சொல்லி அழுதார். அந்த முதுகுக்குச் சொந்தக்காரரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. இதெல்லாம் இடைவேளையில். மற்ற நேரம் உலையில்.

சூப்பர்வைசர் உத்தரவை மீறாதவர். ஊதாவில் அந்தக் கோடுகளைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு கழித்தார். அப்படியே கம்பெனி வார்த்த ஈயக்கட்டிகளையும் நெட்டையின் கையில் வைத்துப் படித்து, ஈயம் இல்லை என்று சீட்டு ஒட்டி லாரியில் அனுப்பினார். லாரி போன வேகத்தில் திரும்பி வந்தது. "ஈயம் இல்லாத ஈயத்த வாங்கி நாங்க என்ன பண்ண?" என்று வாங்கியவர்கள் கேட்டிருந்தார்கள்.

முதலாளி கத்திய கத்தலில் உலைக்காரர்களே வெளியே வந்து நின்றார்கள். நெட்டையின் மனைவியும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசலில் இருந்தாள். இந்தத் தடவை அவள் புருஷனைப் பற்றிப் பேசவில்லை.

"ஐயா, மெஷின் அழுக்காயிருக்கு. உலைப் புகையில வச்சா எந்த மெஷின் சரியாக் காட்டும்? உள்ள இருக்கிறத எடுத்துச் சுத்தம் பண்ணித் தனியா வைக்கணும்."

முதலாளி சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தலையாட்டினார்.

"ஒரு மெஷின இப்படியாய்யா வச்சிருப்பீங்க? மனசாட்சி வேணாம்?" என்றார் முதலாளி. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

மறுநாளே நெட்டையைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்திலிருந்து ஈயத்தை இழுக்கும் மருந்தை ஏற்றினார்கள். செலவு இயந்திரப் பராமரிப்பில் எழுதப்பட்டது. திரும்பி வந்தவரைக் கண்ணாடி ஜன்னல் வைத்த ஏசி அறையில், தூசி படாமல் உட்காரவைத்தார்கள். ஊதாக் கோடுகள் வெளுத்து, பிறகு காணாமல் போயின. மற்ற நிறங்கள் இருந்தன. கை முழுக்கச் சரியாகவில்லை. டம்ளரைப் பிடிக்கும் அளவுக்கு ஆயிற்று.

இப்போது நெட்டையின் தெருவில் வெயில் வந்ததும் உலைக்காரர்களின் மனைவிமார் அவரவர் வீட்டு ஆளை வாசலில் நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். நிழலின் விளிம்பில் கொஞ்சம் நிறம் தெரிந்துவிட்டால், முகம் கழுவக்கூட விடாமல் சூப்பர்வைசரிடம் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.