பதினொரு டிகிரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் ஃபிரிட்ஜை நான் பார்த்ததில்லை. அந்தக் கப்பலிலும் ஏறியதில்லை. ஏறியவள் என் மனைவி. மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு சொகுசுக் கப்பலின் ஏழாவது தளத்தில், திறக்க முடியாத கண்ணாடி சன்னல் வைத்த ஒரு கேபினில் நான்கு நாள் தனியாக இருந்தாள். மேசைக்குக் கீழே ஒரு மினி பார் ஃபிரிட்ஜ் இருந்தது. எங்கள் ஐந்து மாதக் குழந்தைக்காகத் தாய்ப்பாலை எடுத்து அதில் சேர்த்து வைத்தாள். அதே நான்கு நாளும் நான் குழந்தையுடன் வீட்டில் இருந்தேன். போனில் அவளிடம் ஒரு பொய் சொன்னேன். இன்றுவரை அதைத் திருத்தவில்லை.

கதை இவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் தயக்கம். தயக்கத்தை எண் போட்டுப் பிரித்துவிட்டால் இலக்கியம் என்று சொல்லிக்கொள்ளலாம், எங்கள் தொழிலில் அந்த வசதி உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அவள்தான்.

2

முதல் தொடக்கம்:

'கடல் அன்று நீலமாக இருந்தது. அவள் மனமோ—'

வேண்டாம். கடல் நீலமாக இருந்தது என்று எழுதுகிறவனை நாலு சாத்து சாத்தினால் என்ன?

இரண்டாவது தொடக்கம்:

'ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் விடாமல் முனகிக்கொண்டிருந்தது. அந்த அறையில் அவளுக்கு இருந்த ஒரே துணை அந்தச் சத்தம்தான்.'

எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அச்செடுத்து அவளிடம் காட்டினேன். 'கப்பல், ஃபிரிட்ஜ், தனிமை பத்தி ஒரு கதை' என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

"என்னது, கம்ப்ரசரா?" என்றாள்.

"ஆமா."

"அந்த மாதிரி ஃபிரிட்ஜ்ல கம்ப்ரசரே கிடையாது. தூங்கறவங்களுக்குச் சத்தம் கேக்கக்கூடாதுன்னு வேற மாதிரி செஞ்சிருப்பாங்க. சத்தமே வராது, ஒழுங்காக் குளிரவும் குளிராது. என் பிரச்சனையே அதுதானே?"

"கதைக்கு ஒரு சத்தம் வேணுமே."

"வேணும்னா நீ பக்கத்துல உக்காந்து முனகு."

(அவளிடம் போய்க் கம்ப்ரசர் விட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். குளிர் அறைகள் விற்பதுதான் அவள் வேலை. ஐஸ்கிரீம் கம்பெனிக்கு, மருந்துக் கிடங்குக்கு, பூ ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு. லிப்ஸ்டிக் இல்லாமல் வெளியே போவாள், தெர்மாமீட்டர் இல்லாமல் போக மாட்டாள்.)

தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்றும் கேட்டாள். "இதுல புருஷன் எங்க? போன்ல 'சரி சரி'ங்கறதைத் தவிர ஒண்ணுமே பண்ணலையே அவன். வீட்ல என்னதான் பண்ணிட்டிருந்தான்?"

"யோசிக்கணும்" என்றேன்.

3

கேபினிலிருந்து ஆரம்பிக்கிறேன். இங்கே எனக்குப் பயமில்லை, எல்லாம் அவள் வாயால் கேட்டது.

அந்த வருடம் விற்பனையில் முதல் ஆள் அவள். முதல் பன்னிரண்டு பேரைக் கம்பெனி கப்பலில் கூட்டிக்கொண்டு போயிற்று. பதினொரு ஆண்கள், இவள் ஒருத்தி. மூன்றாம் நாள் காலையில் மேடையில் விருது. போக மாட்டேன் என்றாள். "லூசா நீ? போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று நான்தான் அனுப்பி வைத்தேன்.*

கேபினுக்குள் நுழைந்ததும் ஃபிரிட்ஜில் தெர்மாமீட்டரை வைத்தாள். அரை மணி கழித்துப் பார்த்தால் பதினொரு டிகிரி. பாலுக்கு நான்கு வேண்டும். அறையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரைக் கூப்பிட்டாள். ஐம்பதைத் தாண்டியவர். தமிழ் பேசினார், அதிலேயே அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

"அண்ணே, இந்த பாட்டிலெல்லாம் எடுத்துட முடியுமா?"

"எடுத்துடலாம் மேடம். என்ன வைக்கப் போறீங்க?"

"பால்."

"பாலா? மேல போனா எப்ப வேணாலும் தருவாங்களே."

"அந்தப் பால் இல்லண்ணே. குழந்தைக்கு."

அவர் கட்டிலைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார். குழந்தை எங்கேயும் இல்லை. பிறகு அவள் கையிலிருந்த, பால் எடுக்கும் பம்ப்பைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தரையைப் பார்த்தார்.

"இது ஃபிரிட்ஜ்னு பேருதான் மேடம். ஜூஸை ஜில்லுன்னு வெச்சிருக்கும், அவ்வளவுதான். நான் மூணு மணிக்கு ஒருக்கா ஐஸ் கொண்டாரேன். மருந்துக்குன்னு எழுதிக்கறேன். பாலுக்குன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

ஐஸைப் பையில் கட்டிச் சுற்றிலும் அடுக்கினாள். முள் நான்குக்கு இறங்கியது. ஐஸ் கரையக் கரைய ஏழுக்கு ஏறும். மறுபடி ஐஸ், மறுபடி நான்கு. மூன்று மணி நேரத்துக்கு மேல் அவளால் எங்கேயும் போக முடியவில்லை. மேலே நீச்சல் குளம், பாட்டு, கூத்து. கூட வந்தவர்கள் கதவைத் தட்டி, "என்ன மேடம், கடல் ஒத்துக்கலையா?" என்று கேட்டார்கள். "ஆமா, வாந்தி" என்றாள். பதினொரு ஆண்களிடம் வேறென்ன சொல்வாள்?

இதைச் சொல்லும்போது ஒரு விஷயம் சொன்னாள். நான் கதைக்காகக் கேட்டேன், அவள் கதைக்காகச் சொல்லவில்லை. "ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பாத்து 'நாலு'ன்னு வந்துட்டா அவ்வளவு சந்தோஷமா இருக்கும். யார்கிட்டயாவது சொல்லணும்போல இருக்கும். யார்கிட்ட சொல்றது? சத்தமா எனக்கே சொல்லிப்பேன். 'நாலு.' அன்னைக்குப் பூரா நான் பேசின ஒரே வார்த்தை அதுவாத்தான் இருக்கும்."

*(பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். மனைவியைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட எழுத்தாளன் என்று நாலு பேர் சொல்வார்கள் என்ற அரிப்பும் இருந்தது.)

4

இரண்டாம் நாள் பகல். அறையைப் பார்ப்பவர் ஒருவர், மினி பாரை நிரப்புகிறவர் இன்னொருவர். இது அவளுக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டு அரை மணியில் ஓடி வரலாம் என்று மேலே போனவளைக் கூட வந்தவர்கள் விடவில்லை, இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தால் ஃபிரிட்ஜில் பாட்டில்கள் அழகாக அடுக்கியிருந்தன. அவள் பாலை எடுத்து நிரப்பி வைத்த ஆறு பாக்கெட்டுகளும் சன்னலோர மேசையில், வெயிலில், வரிசையாக. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு. ஒவ்வொன்றாகத் திறந்து வாஷ்பேசினில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"ஆறு பாக்கெட் போச்சு."

"என்ன போச்சு?"

"பால். எடுத்து வெயில்ல வெச்சுட்டாங்க. எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

"சரி விடு, அழாத. வீட்ல நீ வெச்சுட்டுப் போனது இருக்குல்ல?"

"பாப்பா குடிக்கறாளா? கரண்டியாலதானே குடுக்கற?"

"ஆமா. சொட்டு விடாம குடிக்கறா. இன்னும் குடு இன்னும் குடுன்னு அழறா."

அப்போது நம் கதாநாயகன்—

அந்தக் கணவன் ஒரு கையில் போனும் மறு கையில்—

[இந்த இடத்தில் மூன்று வாரம் நின்றேன். அவன் ஒரு கதாபாத்திரம், அவன்மேல் எனக்கு நம்பிக்கையில்லை, அவன் பேச்சு உண்மையாக ஒலிக்கவில்லை என்றெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல குறிப்புகள்.]

5

'அவன்' வேண்டாம். நான்.

கிளம்புவதற்கு முன் அவள் எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஃப்ரீசரில் இருபது பாக்கெட். வெந்நீரில் வைத்துக் கரைத்து, கரண்டியால், கொஞ்சம் கொஞ்சமாக. "பாட்டில் மட்டும் வாங்கிடாத. அது ஈஸியா வரும். அதுக்குப் பழகிட்டா அப்புறம் என்கிட்ட வர மாட்டா." இதை மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் தலையாட்டினேன்.

முதல் நாள் கரண்டியால்தான் கொடுத்தேன். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம். பாதி கழுத்தில், பாதி என் சட்டையில். பாப்பா வீறிட்டு அழுததில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டாம் நாள் காலை பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். ஒரு பாட்டில், ஒரு டின் பால் பவுடர். பத்து நிமிடத்தில் குடித்து முடித்துத் தூங்கிப்போனாள். வீடு அமைதியானது.

அந்த அமைதியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கதையில் இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவும் வந்தது.

போன் வந்தபோது பாட்டில் பாப்பாவின் வாயில் இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் இன்னும் அழுவாள் என்று பயந்தேன் என்றால் பாதி உண்மை. திட்டுவாள் என்று பயந்தேன் என்பது மீதி. அந்த 'இன்னும் குடு இன்னும் குடு' இருக்கிறதே, அதற்குப் பயம்கூடக் காரணமில்லை. ஒரு வாக்கியம் நன்றாக அமைந்தால் என்னால் அதோடு நிறுத்த முடியாது. பாழாய்ப்போன புத்தி.

6

அந்த ஒரு வாக்கியத்தை அவள் நம்பினாள். ஃப்ரீசரில் இருப்பது போதாது, குழந்தை பசியோடு அழுகிறது என்று கணக்குப் போட்டாள். இனி ஒரு சொட்டும் வீணாகக்கூடாது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு விருது. மினி பாரை நிரப்புகிறவர் வருவதும் அதே நேரம்தான் என்று பணியாளர் சொன்னார். "நான் சொல்லி வெக்கறேன் மேடம், நீங்க போங்க" என்றார். அவள் போகவில்லை. உடுத்துவதற்காக எடுத்து வைத்த பட்டுப்புடவை கட்டிலில் கிடந்தது. கேபின் டிவியில் அரங்கத்தைக் காட்டினார்கள். அவள் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். மண்டல மேலாளர் மைக்கில், "மேடத்துக்கு வாந்தி நிக்கலையாம்" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவதாக வந்தவர் மேடையேறிக் கேடயத்தை வாங்கி முதலாளியோடு கை குலுக்கினார். அவள் ஃபிரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து இதைப் பார்த்தாள். கதவு தட்டப்பட்டபோது, "எதுவும் வேணாம், போங்க" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

பதினான்கு பாக்கெட்டுகளோடு வீட்டுக்கு வந்தாள். ஐஸ் பெட்டியை என் கையில் திணித்துவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாப்பாவை எடுத்தாள். பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடம்பை வில்லாக வளைத்து அழுதாள். இவள் மூன்று நாள் விடாமல் முயன்றாள். பாட்டிலையும் டின்னையும் அவள் வருவதற்கு முன்பே தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தேன், ஃப்ரீசரில் மிஞ்சிய பாக்கெட்டுகளையும் கொட்டியிருந்தேன், ஏன் வர மாட்டேன் என்கிறாள் என்று அவளுக்குப் புரியவே வழியில்லை. நான்காம் நாள், "விடு, போதும். வேற பால் வாங்கிட்டு வா" என்றாள். நான் போய் அதே டின்னை வாங்கி வந்தேன்.

கப்பலிலிருந்து வந்த பதினான்கையும் அவள் ஆபீஸ் போனபின் ஒன்று இரண்டாகக் கரைத்துச் சிங்க்கில் ஊற்றினேன். டின் பால் ருசிக்குப் பழகிவிட்ட பாப்பா அவற்றைக் குடிக்கவில்லை, நானும் கரண்டியை எடுக்கவில்லை. 'குடிச்சாளா?' என்று கேட்பாள். 'குடிச்சா' என்பேன்.

"நான் போயிருக்கக்கூடாது" என்றாள் அந்த வாரம். மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாப்பாவுக்குச் சளி பிடித்தால், எடை குறைந்தால், பள்ளியில் யாரோடும் ஒட்டவில்லை என்று டீச்சர் சொன்னால். "அப்படியெல்லாம் இல்ல" என்று நான் சொல்வேன். ரொம்ப ஆதரவான கணவன்.

7

முடிவுகள்.

(அ) அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும். குப்பையில் டின்னைப் பார்த்திருக்கிறாள். தாளை மடித்து வைத்துவிட்டுப் புன்னகைக்கிறாள். இதை அரை மணியில் எழுதினேன், எழுதும்போது கண் கலங்கியது. கிழித்துவிட்டேன். எனக்கு நானே மன்னிப்பு வழங்கிக்கொள்ளும் உத்தி, வேறொன்றுமில்லை.

(ஆ) அவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். வெற்று வீட்டில் நான். தாளில் தண்டனை வாங்கிக்கொள்வது சுகமாக இருக்கிறது, வலிப்பதில்லை. இதுவும் போயிற்று.

(இ) கப்பல் கவிழ்கிறது. சிரிக்காதீர்கள், ஒரு மத்தியானம் முழுக்க இதைப் பற்றி யோசித்தேன்.

நேற்று பாப்பாவுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்று டாக்டர் சொன்னார். மருந்து கொடுத்துவிட்டு அவள் வழக்கம்போல, "அன்னைக்கு நான் கப்பல் ஏறியிருக்கக்கூடாது" என்றாள். மடியில் கிடந்த பாப்பா கண்ணைத் திறந்து கேட்டாள்.

"எந்தக் கப்பல்மா?"

"நீ குட்டியா இருந்தப்ப அம்மா உன்னை விட்டுட்டுப் போன கப்பல்டா தங்கம்."

பாப்பா, "ஏன் விட்டுட்டுப் போன?" என்றாள். அவள் பாப்பாவின் போர்வையை இழுத்துவிட்டாள். நானும் அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

8

வாசகர்களே, நீங்கள் இத்தோடு எழுந்துகொள்ளலாம். இது உங்கள் கையில் அச்சாகக் கிடைத்திருந்தால், அவள் படித்துவிட்டாள், வெளியிடச் சம்மதித்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மன்னித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இனி வருவது உங்களுக்கு இல்லை.

இது உனக்கு.

நீ கப்பலில் போனதால் எதுவும் கெடவில்லை. பாப்பா உன்னை மறக்கவில்லை, பாட்டிலுக்குப் பழகினாள். பழக்கியது நான். நீ அங்கே தனியாக உட்கார்ந்து காத்த பால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. உன் பெயரைக் கூப்பிட்டபோது நீ மேடையில் இருந்திருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு மூன்று வருடமும் ஒரு கதையும் தேவைப்பட்டது, அதற்கு வெட்கப்படுகிறேன்.

முடிவை நான் எழுதவில்லை. நீ என்ன எழுதினாலும் அதுதான் முடிவு. அவசரமில்லை. ஆனால் பாப்பா விழித்ததும் மறுபடி கேட்பாள், அம்மா ஏன் விட்டுட்டுப் போன என்று. உண்மையை அவளிடம் நான் சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா?