சாயர்புரம் தேவமணி டீச்சர்

சாயர்புரம் தேவமணி டீச்சர் என்று ஒருத்தி கிடையாது. நான்தான் அவள். ஐம்பத்தெட்டு வயது, மீசை, சர்க்கரை வியாதி, தூத்துக்குடி பஜாரில் மளிகை மொத்த வியாபாரம். என் பெயர் மகாராஜன்.

என் மகள் ஐஸ்வர்யா மூன்று வருஷத்துக்கு முன்னால் திரேஸ்புரத்துக் கிளாட்வினைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். படகுக்காரர் வீட்டுப் பிள்ளை. ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் கிளார்க். சர்ச்சில் வைத்துக் கல்யாணம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சொந்தக்காரர்களை வரவழைத்து, கொல்லைப்புறக் குழாயடியில் உட்கார்ந்து, செத்தவளுக்கு முழுகுவதுபோல மகளைத் தலை முழுகினேன்.

வீராப்பு இரண்டு வருஷம் தாங்கியது. அப்புறம் அவள் ஞாபகம் பிடுங்கித் தின்றது. வலியப் போய்ப் பேசவோ மானம் விடவில்லை. அவள் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள், ஆர்டருக்கு வாட்சப் நம்பர் கொடுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் புது சிம் ஒன்று வாங்கினேன். கடைக் கம்ப்யூட்டரில் வாட்சப் வெப் இரண்டு ஜன்னலாகத் திறந்திருக்கும். ஒன்றில் கடை நம்பர். இன்னொன்றில் டீச்சர்.

பதினோரு மாசமாக வாரம் ஒரு கேக். ஆட்டோக்காரர் சுடலைக்கண்ணு திரேஸ்புரம் போய் வாங்கி வருவார். சர்க்கரைக்காரன் நான் ஒரு துண்டு தின்பேன். மிச்சத்தை என் மனைவி செல்லத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்பாள். அவளுக்கு எல்லாம் தெரியும். கடைக்கு மேலேதான் வீடு. தினமும் இறங்கி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று, வந்த பதிலை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் சமைக்கப் போவாள்.

ஆர்டரோடு நலமும் விசாரிப்பேன். பதிலும் அப்படித்தான் வரும். சாப்பிட்டீங்களா டீச்சர், கால்வலி எப்படி இருக்கு டீச்சர் என்று. மகளுக்கு இது ஏழாம் மாசம் என்பதே அதில்தான் தெரிந்தது. போன வாரம் துணிந்து கேட்டுவிட்டேன், உங்க அப்பா மேல கோவமாம்மா என்று. “இல்ல டீச்சர். அவரு ஒருநா வந்து கூட்டிட்டுப் போவாருன்னுதான் இருக்கேன்” என்று பதில் வந்தது.

அந்த ஒரு வரிக்கு நானும் செல்லத்தாயும் சேர்ந்து அழுதோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே பார்க்க வேண்டும்? வெள்ளிக்கிழமை போய்க் கூட்டி வருவது என்று முடிவானது. செல்லத்தாய் மாடி அறைக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள், கை நிறைய வளையல் வாங்கி வைத்தாள், பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பேர்கூட யோசித்துவிட்டாள்.

நேற்று காலை ஒன்பது மணி. சில்லறைக் கடைக்காரர்களுக்கு அன்றைய விலைப்பட்டியல் அனுப்புகிற நேரம். எங்கள் பஜாரில் அம்மன் பேரைப் போடாமல் துண்டுச்சீட்டுகூட வெளியே போகாது. உச்சியில் ‘பத்திரகாளியம்மன் துணை’, அடுத்த வரியில் ‘மகாராஜன் ஸ்டோர்’, அதற்குக் கீழே பருப்பு, சீனி, வத்தல். ஒட்டினேன், அனுப்பினேன். எந்த ஜன்னல் என்று பார்க்கவில்லை.

அப்புறம்தான் பார்த்தேன். சாயர்புரத்துக் கிறிஸ்தவ டீச்சர் பத்திரகாளியம்மனைத் துணைக்குக் கூப்பிட்டு என் மகளுக்கு உளுந்து விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதறிப்போய் அழிக்கப் போனேன். அவசரத்தில் ‘எனக்கு மட்டும்’ என்பதை அமுக்கித் தொலைத்தேன். என் பக்கம் மறைந்துவிட்டது. அவள் பக்கம் கடைப் பேரோடு அப்படியே நிற்கும். இனி பிரம்மாவே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தப் பக்கம் எழுதுகிற அறிகுறி தெரிந்தது. ‘அப்பா’ என்று வரப்போகிறது என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“மாமா” என்று வந்தது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மகள் எதற்கு என்னை மாமா என்கிறாள்?

“நான் கிளாட்வின். இந்த ஆர்டர் நம்பரு என் போன்லதான் இருக்கு. ஆபீஸ்ல இருந்து நான்தான் வெப்ல பாக்கேன். அவளுக்கு அடுப்பு வேலையே சரியா இருக்கு. ஆர்டர மட்டும் அவகிட்ட சொல்லிருவேன்.”

“எத்தன நாளா?”

“மொதல்ல இருந்தே மாமா.”

எவன் பேரை வாயால் சொல்ல மாட்டேன் என்றிருந்தேனோ அவனிடமா பதினோரு மாசம் உருகி வழிந்தேன்? ஒருநாள் ‘என் ராஜாத்தி’ என்றுகூட எழுதியிருக்கிறேன். வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். “ஏலே, என்னைய வச்சு வேடிக்கையாலே பாத்த?” என்று தட்டினேன்.

“வேடிக்கை இல்ல மாமா. உங்க ஆட்டோக்காரரு மொத கேக் வாங்கிட்டு சாயர்புரம் போகாம பஜாருல உங்க கடைக்குப் போனத நான் பாத்தேன். நீங்கன்னு அப்பவே தெரிஞ்சிட்டு. சொன்னா எழுதுறத நிறுத்திருவீங்கன்னுதான் சொல்லல.”

அதோடு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. “கோவம் இல்லைன்னு எழுதுனது?” என்று கேட்டேன்.

“நான்தான் எழுதுனேன். நீங்க வரணும்னு எழுதுனேன்.”

“அவ என்ன சொல்லுதா?”

எழுதினான், நிறுத்தினான், திரும்ப எழுதினான்.

“நீங்க தலை முழுகுனத உங்க தம்பி செந்தில்வேல் வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்ல போட்டாரு. அந்த குரூப்ல இருந்து இவள யாரும் எடுக்கல மாமா. அன்னிக்கே பாத்துட்டா. இன்னும் போன்லயே வச்சிருக்கா. உங்க பேச்ச எடுத்தா வாயத் தொறக்க மாட்டா. அத எடுத்துக் காட்டுவா.”

குரூப்பில் அறுபது பேர். எல்லாரும் அவளைத் திட்டினோம், ஒருத்தருக்கும் அவள் அங்கேயே இருந்து வாசித்துக்கொண்டிருப்பாள் என்று உறைக்கவில்லை. செந்தில்வேல் பேரில் பழி போடவும் முடியாது. தண்ணீரை ஊற்றிக்கொண்டே, “நல்லா எடுலே, ஊரே பாக்கட்டும்” என்று சொன்னவன் நான். அந்தச் சத்தமும் அதில் இருக்கும். என் பிள்ளை அதைக் கேட்டிருக்கிறாள். ஒருதரம் அல்ல.

“வெள்ளிக்கிழமை வரலாமா மாப்ள?” என்று எழுதினேன். அந்த வார்த்தையை அவனுக்கு எழுதுவது அதுதான் முதல் தடவை.

“வாங்க மாமா. கதவ நான் தொறப்பேன். அதுக்கு மேல உங்க பாடு, அவ பாடு.”

அதற்குள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி செல்லத்தாய் மாடிப்படி இறங்கி வந்துவிட்டாள். நான் திரையை உடம்பால் மறைத்துக்கொண்டேன்.

“ஏங்க, மக என்ன சொல்லுதா?”

“ஏளா, அவ ஒண்ணுமே சொல்லல” என்றேன். “இத்தன மாசமா அவ ஒரு வார்த்தகூட சொல்லல.”