இன்னொரு தடவை விழுங்க

அந்தப் படத்தை எடுத்தவன் கையில் கிடைத்தால் செருப்பால் அடிப்பேன். பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிற ஒருவன், அவள் வளைகாப்பு அன்று ஊர் முன்னால் காலில் விழுந்து அழுகிறான். அவள் தூக்கி நிறுத்துகிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். படம் முடிகிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தியேட்டரில் அதைப் பார்த்த அம்மா, ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை பஸ்ஸில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். மறுநாள் காலையில் செந்தமிழனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

செந்தமிழன் என் அக்கா ஜோதியின் கணவன். திருவெறும்பூரில் லேத் பட்டறையில் வேலை. அக்காவுக்கு நாலாம் மாதம் நடக்கும்போது அவள் இடது கையை முறுக்கி உடைத்தான். குடித்துவிட்டுக் கிளம்பியவனிடம் பைக் சாவியைத் தரவில்லை என்பதுதான் அவள் செய்த குற்றம். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு எங்களோடுதான் இருக்கிறாள்.

“கைய ஒடச்சவனையே வளையல் போடக் கூப்புடுவியா?” என்று அம்மாவிடம் கத்தினேன்.

“திருந்தி வராண்டா. கால்ல விழுறேன்னு அவன் வாயாலயே சொல்லிட்டான். அவளும் புகார வாபஸ் வாங்கிட்டு அவனோட போயி நல்லா இருக்கட்டும்.”

“அது படம்மா.”

“நைட் ஷிப்ட்ட முடிச்சுட்டு வந்து மத்தியானம் வரைக்கும் தூங்குற. நீ எனக்குப் புத்தி சொல்லாத.”

அக்கா “வரட்டும், பாப்போம்” என்று மட்டும் சொன்னாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவளும் அந்தப் படத்தைப் பார்த்து அழுதவள்தான்.

வளைகாப்பு, அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. மாப்பிள்ளை காலில் விழப்போகும் சேதியை அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்புகிற ஆட்கள்கூட அன்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வீடியோ எடுக்க வந்த ஸ்தனிஸ்லாஸிடம், “அத மட்டும் விட்டுடாதப்பா” என்று அம்மா மூன்று முறை சொன்னாள்.

அக்காவுக்கு வளையல் போட்டார்கள். எலும்பு கோணலாகக் கூடியிருந்ததால் இடது மணிக்கட்டில் வளையல் சிக்கியது. எண்ணெய் தடவித் தள்ளினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செந்தமிழன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தான். நேராக வந்து விழுந்தான்.

“நான் மனுசனே இல்ல ஜோதி. என்னை மன்னிச்சிரு. உன்னையும் புள்ளையையும் இனிமே கண்ணுல வச்சுப் பாத்துப்பேன்.”

குரல் உடைந்து அழுதான். ஹாலே அழுதது. ரங்கநாயகி சித்தி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். யாரோ கைதட்டினார்கள். அக்காவின் கண் கலங்கிவிட்டது. அவள் கை மெல்ல அவன் தலையை நோக்கிப் போனது. தொலைந்தது என்று நினைத்தேன்.

“அண்ணே, சாரி” என்றான் ஸ்தனிஸ்லாஸ். “ஒரு அம்மா குறுக்க வந்துட்டாங்க, முகம் விழல. இன்னொரு தடவை விழுங்களேன்.”

செந்தமிழன் எழுந்தான். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். வேட்டி மடிப்பைச் சரிசெய்தான்.

“எங்கேருந்து? மனுசனே இல்லங்கிறதுலேருந்தா?”

“ஆமாண்ணே.”

விழுந்தான். அதே வார்த்தைகள். அதே இடத்தில் குரல் உடைந்தது.

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள். “எந்திரிங்க. இந்தத் தடவை நல்லா விழுந்திருக்கும். கெளம்புங்க. புகார வாபஸ் வாங்க மாட்டேன்.”

அவன் எட்டி அவள் இடது மணிக்கட்டைப் பிடித்தான். “ஊருக்கு முன்னால அசிங்கப்படுத்துறியாடி?” வளையல் நொறுங்கியது. நான் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். ஸ்தனிஸ்லாஸ் அதற்குள் கேமராவை இறக்கிவிட்டான். அது அவனிடம் யாரும் கேட்காத பகுதி.

“கோவம் வராதா பின்ன?” என்றாள் ரங்கநாயகி சித்தி. “கால்லயே விழுந்துட்டான். பொம்பளைக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா?”

“அதுவும் ரெண்டு தடவை விழுந்தாரு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“சித்தி, நீங்கதான அக்காவ ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனீங்க? அவன உள்ள தள்ளணும்னு நீங்கதான சொன்னீங்க?” என்றேன்.

“அது அப்ப. இப்பதான் அழுதுட்டான்ல?”

யாரும் அக்காவின் கையைப் பார்க்கவில்லை. ரத்தம் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது. அழ வந்தவர்களின் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டாள், அதுதான் அவர்கள் கோபம். அடித்தவன்மேல் இத்தனை நாளில் இவர்களுக்கு இதில் பாதிக் கோபம் வந்ததில்லை. தாம்பூலப் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு முனகியபடி கலைந்தார்கள். செந்தமிழன் வாசலில் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். அம்மா தூக்குச்சட்டியோடு அவன் பின்னால் ஓடினாள். “மாப்ள, சாப்புடாமப் போகாதீங்க மாப்ள.”

நான் கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டு அக்காவின் கையைத் துண்டால் கட்டினேன்.

“வலிக்குதா?”

“பசிக்குதுடா.”

உள்ளே போனேன். அவனுக்கு அள்ளிப் போட்டது போக அண்டாவின் அடியில் கொஞ்சம் புளிச்சாதம் ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.