குச்சி நின்ற இடம்

நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் பாதையில், எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குக் கீழே, கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு வெறுமனே விட்ட ஒரு துண்டு நிலம் இருக்கிறது. போன கார்த்திகையில் பதினொரு பேர் சேர்ந்து அதில் மரக்கறி போட்டோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளைக் காம்பராவில் விட்டுப் போகிற பத்தொன்பது குழந்தைகளின் பகல் சாப்பாட்டுக்குத்தான் விளைவதெல்லாம். நாலரைக்கு வருவோம். வெளிச்சம் இருக்கும்வரை நிற்போம்.

நிலத்தைப் பிரித்தபோது யாரும் யோசிக்கவில்லை. மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு வேறு விதமாகப் பிரிக்கத் தெரியாது. ஆளுக்கொரு நிரை. போஞ்சி, கரட், பீட்ரூட், கோவா, எதுவானாலும் உன் நிரையில் இருப்பது உன் பொறுப்பு. இருட்டுவதற்குள் நிரை முடியாவிட்டால், விட்ட இடத்தில் ஒரு குச்சியைக் குத்திவிட்டுப் போகலாம். மறுநாள் அங்கிருந்து தொடங்க வேண்டும். அடுத்தவர் குச்சியைத் தாண்டி யாரும் கை வைக்கக் கூடாது. நாகலெட்சுமி அக்கா, முன்பு தன் நிரையில் ஏறிக் கொழுந்து பறித்த ஒருத்தியோடு இரண்டு வருடம் பேசவில்லை. இருவரும் ஒரே லயத்தில், பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தார்கள்.

ஆகவே வராதவருடைய நிரை காயும். அது காய்வதைப் பார்த்துக்கொண்டே பக்கத்து நிரைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். அதை நாங்கள் மரியாதை என்று நினைத்தோம்.

மாசி பிறந்ததிலிருந்து மழை இல்லை. பங்குனியில் வெயில், மலையின் மேல் யாரோ மறந்துவைத்த இரும்புபோல அசையாமல் கிடந்தது. தேயிலைக்கே நுனி கருகியது. எங்கள் பதினொரு பேர் ஏழானார்கள், பிறகு நாலானார்கள். ஏழு நிரைகள் பழுப்பு. நாலு நிரைகள் பச்சை.

அந்த நாலில் ஒன்று என்னுடையது.

நான் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருப்பேன். வாயைத் திற, கையைக் கழுவு, அவனைக் கடிக்காதே. நாலு மணிக்குக் கடைசித் தாய் வந்து கடைசிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, மறுநாள் காலை வரை என்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் பேசுவாள். அவள் குரலுக்குப் பின்னால் அந்த வீட்டுக் குழந்தை அழும், அவள் போய்விடுவாள். தம்பி சுமன் கொழும்பில் ஒரு கடையில். அவன் போன பிறகு எங்கள் காம்பராவில் ஒரு சோற்றுப் பீங்கான்தான் அழுக்காகிறது.

மரக்கறித் தோட்டத்தில் சின்னராசா மாமா இருந்தார். ஒரு காலத்தில் கங்காணி. வேலையை விட்டு ஆறு வருடமாகியும், காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் பெயர் கூப்பிடுகிற பழக்கம் அவரை விடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியருகே நிற்பார்.

“நாகலெட்சுமி.”

“இந்தா கண்ணு முன்னாடிதானே நிக்கிறேன். கண்ணாடியத் தொடைங்க.”

“ஜீவராஜ்.”

ஜீவராஜ் அண்ணன் திரீவீலர் ஓட்டுகிறவர். வாளியைத் தலைகீழாய்ப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். “வந்துட்டேன் மாமா. அரை நாள் லீவு வேணும்.”

“நீ வந்ததே அரை மணித்தியாலத்துக்கு. பிரியந்தி.”

“இருக்கேன் மாமா.”

என் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லி, நான் இருக்கிறேன் என்று பதில் சொல்கிற இடம் அது ஒன்றுதான். நாகலெட்சுமி அக்கா என்னைக் கடக்கும்போது, “சாப்பிட்டியா புள்ள?” என்பார். பதிலுக்கு நிற்க மாட்டார். எனக்கு அதுவே போதும். பதிலை வீட்டுக்குப் போய் அடுப்பிடம் சொல்லிக்கொள்வேன்.

பீலியில் தண்ணீர் விரல் தடிப்புக்கு வந்துவிட்டது. ஒரு நிரைக்குப் பதினெட்டு வாளி. ஒரு வாளி நிறைய நேரமாகும், தூக்கிக்கொண்டு இறங்க இன்னும் நேரமாகும். ஒருநாள் ஜீவராஜ் அண்ணன் ஒன்பதாவது வாளியில் குச்சியைக் குத்தினார்.

“முதுகு போச்சு. பொண்டாட்டி கேக்கிறா, நம்ம வீட்டு ரோசாவுக்கு ஒரு செம்பு ஊத்துனியான்னு.”

“ஊத்துனீங்களா?” என்றார் நாகலெட்சுமி அக்கா.

“அது செத்துப்போச்சு அக்கா.”

எல்லோரும் சிரித்தோம். சின்னராசா மாமா மட்டும் காய்ந்த நிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னும் ஒரு ஆளு கொறஞ்சா இத விட்டுருவோம். ஆளு இல்லாம பெரட்டு எதுக்கு?”

அன்று இரவு படுத்துக்கொண்டே வாளிகளை எண்ணினேன்.

மறுநாள் விடியும்போதே போனேன். பகலில் காலியாகிவிடும் பீலியடித் தொட்டி, இரவெல்லாம் விழுந்த தண்ணீரில் நிறைந்திருந்தது. ஜீவராஜ் அண்ணனின் குச்சியைத் தாண்டி, அவர் விட்ட பாதி நிரைக்கும் ஊற்றினேன். குச்சியை அசைக்கவில்லை. பிறகு நாகலெட்சுமி அக்காவின் குச்சிக்கு அப்பால் கொஞ்சம், மாமாவின் நிரைக்குக் கொஞ்சம். வேலை குறைந்தால் முதுகு வலிக்காது. முதுகு வலிக்காவிட்டால் வருவார்கள். எவ்வளவு எளிதான கணக்கு என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது. குளிரில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஈரமண் வாசனையை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு குழந்தைகளிடம் போனேன்.

மாலையில் ஜீவராஜ் அண்ணன் தன் நிரையில் விரலை விட்டுப் பார்த்தார். “பனி நல்லா பெஞ்சிருக்கு போல.”

“ஒங்க நிரைக்கு மட்டும் தேடிவந்து பெய்யுமா பனி?” என்றார் நாகலெட்சுமி அக்கா. சொல்லிவிட்டுத் தன் நிரைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். குனிந்து குச்சியைப் பார்த்தார். குச்சிக்கு அப்பாலிருந்த ஈரத்தைப் பார்த்தார். பிறகு சின்னராசா மாமாவைப் பார்த்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று ஜீவராஜ் அண்ணனுக்கு நேரம் மிச்சமிருந்தது. பொகவந்தலாவைக்கு ஏற்றிப்போன ஒரு கல்யாண வீட்டுக் கதையைச் சொன்னார், மாப்பிள்ளையின் சப்பாத்து வண்டியிலேயே தங்கிவிட்ட கதை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆகவே மறுநாளும் விடியலில் போனேன். அதற்கடுத்த நாளும், இன்னும் கூடுதலாக.

ஐந்தாம் நாள் ஜீவராஜ் அண்ணன் வரவில்லை. பிள்ளையை விட வந்த அவருடைய மனைவியிடம் கேட்டேன். “தண்ணி தன்னால ஊறுதாமே, அவரு எதுக்கு? திரீவீலர எடுத்துக்கிட்டு ஹயர் போயிருக்காரு” என்றாள். ஏழாம் நாள் நாகலெட்சுமி அக்கா வரவில்லை. எட்டாம் நாள் சின்னராசா மாமா பீலியருகே வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எதிரே நான் மட்டும். பெயர் கூப்பிட வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார்.

“வெயிலு கொறயட்டும் பிரியந்தி. நீயும் வீட்டுக்குப் போ.”

நாலு நிரையும் பச்சைப்பசேலென்று நின்றன. போஞ்சி பூத்திருந்தது. அந்த மலையில் அவ்வளவு அழகாக வேறெதுவும் இல்லை. பார்க்க என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமி அக்காவின் காம்பராவுக்குப் போனேன். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

“அக்கா, தண்ணி ஊத்துனது நான்தான்.”

கத்தி விறகில் ஏறி நின்றது. அதை இழுத்தெடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“நீயா?”

“ஆமா.”

“நான் கங்காணியாருன்னு நெனச்சேன். வயசாயிருச்சு, இவளால முடியலன்னு என் நிரைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு, சொல்லாம என் பேர வெட்டிட்டாருன்னு நெனச்சேன்.” குரல் உயரவில்லை. “முப்பது வருசம் மலையில நின்னவ நான், புள்ள. காச்சல்ல கெடந்தாலும் என் குச்சி நின்ன எடத்துல நிக்கும்.”

“வேலை கொறஞ்சா எல்லாரும் வருவீங்கன்னு நெனச்சேன்.”

“வேலை இல்லாத எடத்துக்கு யாரு வருவா? அது என்ன கோயிலா?”

“நாளைக்கு வருவீங்களாக்கா?”

அவர் அடுத்த விறகை எடுத்து வைத்தார். “நாளைக்கு யாரு ஊத்துவா?”

“நான் ஊத்த மாட்டேன்.”

“காஞ்சாலும்?”

“காஞ்சாலும்.”

அவர் மறுபடி கத்தியை ஓங்கினார். பிளந்துகொண்டே இருந்தார். கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

திங்கள் மாலை என் நிரைக்கு மட்டும் பதினெட்டு வாளி ஊற்றினேன். வாளித் தகரத்தின் ஓசை எதிர்மலை வரை போய்த் திரும்பி வந்தது. யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மற்ற மூன்று நிரைகளிலும் இலைகள் தலை கவிழ்ந்தன. மாமாவின் கோவா விளிம்பில் மஞ்சளானது. வாளியில் மிச்சம் தண்ணீர் இருந்தது. ஒரு கை அள்ளித் தெளித்தால்கூடப் போதும் என்று தோன்றியது. மிச்சத்தை என் கரட்டுக்கே இன்னொரு முறை ஊற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறினேன். புதன்கிழமை போஞ்சிப் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. பகலில் ஒரு குழந்தை போஞ்சி கேட்டது. நான் பருப்பைப் பிசைந்து கொடுத்தேன்.

வியாழக்கிழமை நான் ஆறாவது வாளியில் இருந்தபோது மேலே பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. நாகலெட்சுமி அக்கா தன் வாளியோடு இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. தன் நிரையின் முனையிலிருந்து கடைசி வரை நடந்தார். ஒவ்வொரு கொடியையும் தொட்டுப் பார்த்தார். சில கொடிகளைப் பிடுங்கி ஓரத்தில் போட்டார். பழைய குச்சியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, நிரையின் தலையிலிருந்து தொடங்கினார்.

பீலியில் ஒருவர் வாளி நிறையும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் அப்படித்தான் நேரம் போனது. மாமாவின் நிரையும் ஜீவராஜ் அண்ணனின் நிரையும் வாடிக் கிடந்தன. அவற்றைக் கடக்கும்போது இருவருமே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டோம்.

“சாப்பிட்டியா புள்ள?”

“இன்னும் இல்லக்கா” என்றேன். அதற்குள் அவர் பீலிக்குப் போய்விட்டார்.

எதிர்மலையில் வெளிச்சம் சுருங்கியது. அவருக்குப் பாதி நிரைதான் முடிந்திருந்தது. நின்று முதுகை ஒருமுறை நிமிர்த்தினார். இடுப்பிலிருந்த குச்சியை எடுத்து, கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய கொடியருகே குத்தி, செருப்புக் காலால் மண்ணை மிதித்து இறுக்கினார். வாளியைக் கையில் மாட்டிக்கொண்டு பாதையில் ஏறினார்.

நான் தனியே நின்றேன். என் வாளியில் பாதித் தண்ணீர் இருந்தது. குச்சிக்கு இந்தப் பக்கம் மண் கறுப்பாக இருந்தது. அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் வெடித்துக் கிடந்தது. அங்கே இன்னும் ஒன்பது வாளி வேலை மிச்சம்.

வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டியிலேயே திரும்ப ஊற்றினேன்.